விறைப்பு என்றொரு சொல்

எங்கள் வீட்டிலுள்ள இடியப்ப உரல் அம்மம்மாவின் கலியாணத்தோடு வந்தது. மரத்திற் கடைந்தது, இரு பிடிகளையும் இறுகப் பற்றிக் கீழ்நோக்கி அமுக்கினாலன்றி மா நூலாக இறங்காது. அம்மம்மாவிடமிருந்து அதனை அம்மா பொறுப்பேற்றுக் கால் நூற்றாண்டு ஆகிறது. 2023ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்காகப் பேராதனையிலிருந்து உரும்பிராய்க்கு வந்திருந்த நான், மறுநாட் காலை அடுப்படிக்குட் சென்றபோது, அந்த உரல் மேற்தட்டிலே தூசு படிந்து கிடக்கக் கண்டேன். காலையுணவுக்குச் சந்திக் கடையிலிருந்து பாண் வந்திருந்தது.

"என்னம்மா, இடியப்பம் அவிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"மா முடிஞ்சு போச்சுப் பிள்ளை" என்றார் அம்மா.

மா முடியவில்லை. அரிசிமா நிறைந்த வாளி உரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆயினும் நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இரவு முழுவதும் பஸ்ஸிற் பயணஞ் செய்த களைப்பு. அத்தோடு, பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகளுக்கு வீட்டின் அடுப்படி சற்றுத் தொலைவாகிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒரு வாரத்தில் வேறு சிலவற்றையும் கண்டேன், கண்டும் கவனிக்கவில்லை. பால்மா ரின்னின் மூடியைத் தம்பியே திறந்து கொடுத்தான். துவைத்த சீலைகளைப் பிழிவது ஐயாவின் வேலையாகியிருந்தது. பொங்கலன்று முற்றத்திற் போட்ட கோலம் வழமையிற் பாதியளவுதான். தேநீர்க் கோப்பையை அம்மா இரு உள்ளங்கைகளுக்கும் நடுவிலே வைத்துத் தூக்கினார். பனிக்காலமாகையாற் சூட்டுக்காக அப்படிப் பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். மோதிர விரலில் மோதிரம் இல்லை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே அற்பமானவை. ஒரு நோய் ஒரு வீட்டினுட் புகும்போது அது நோயின் உருவத்தோடு புகுவதில்லை. ஒரு வேலை கைமாறிப் போவதாகவே முதலிலே தெரிகிறது. நாளும் கூடவிருந்த ஐயாவும் தம்பியும் அந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்களே தவிர, ஏன் வாங்கிக்கொண்டோம் என்று தம்மைத் தாமே கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலே மூட்டுநோ என்பது புதிய விடயமன்று என்பதும் இதற்கொரு காரணம். அம்மம்மாவுக்கு வயது எழுபத்தாறு. உரும்பிராயின் செம்மண்ணிலே வெங்காயத்துக்குக் குந்தியிருந்து களை பிடுங்கியே முழங்கால்கள் தேய்ந்தவர். மாலையானால் விறாந்தையிற் காலை நீட்டியிருந்து எண்ணெய் தடவுவது அவரது நித்திய கருமம். எனவே அம்மாவின் கைநோவும் வீட்டாரின் கண்ணுக்கு அதே நோவாகப்பட்டது: வாதம், பரம்பரை வாதம், சற்று முந்தி வந்துவிட்டது, அவ்வளவுதான். அயலவர்கள் தத்தம் பங்குக்கு விளக்கம் தந்தனர். ஒருவர் பனி என்றார். மற்றொருவர், 2006ஆம் ஆண்டின் இறுதியிற் குடாநாட்டை ஆட்டிவைத்த சிக்குன்குனியாக் காய்ச்சலின் மிச்சம் என்றார். அக்காய்ச்சலின் மூட்டுநோ மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலாக, நீடிப்பதுண்டு. இரு கைகளையும் ஒருசேரத் தாக்குவதும் உண்டு. ஆதலின் அவர் கூற்று முற்றிலும் அறிவற்றதன்று. எனினும், பதினாறு ஆண்டுகள் வாளாவிருந்து பின்னர் எழும் மிச்சத்தை எவ்வாறு நம்புவது? மூன்றாமவர் கிழங்கு வாயு என்றார். அன்றிலிருந்து அம்மா உருளைக்கிழங்கைத் தொடவில்லை. கிழங்கு விளையும் ஊரிலே, கிழங்கு செய்யும் கமக்காரனின் மனைவி கிழங்கு உண்ணாதிருந்தார்!

மாசி மாதத்திலே ஐயா அம்மாவைத் தனியார் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நான் அப்பொழுது பேராதனையில் இருந்தேன். அங்கு நடந்ததை ஐயாவும் அம்மாவும் பின்னர் தனித்தனியே சொல்லக் கேட்டு நானே பொருத்திப் பார்த்தேன். வைத்தியர் மாலை ஐந்து மணிக்குப் பின்னரே அமர்பவர். அம்மாவின் இலக்கம் முப்பத்தெட்டு. முறை வந்தபோது இரவு எட்டு மணியைத் தாண்டிவிட்டது. "என்ன வருத்தம்?" என்று வைத்தியர் கேட்டார். "கை விறைக்குது டொக்டர்" என்றார் அம்மா. விரல் நுனிகளைத் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று பார்த்தார் வைத்தியர், தெரிந்தது. சீனி வருத்தம் உண்டா என்று கேட்டார், இல்லை. நரம்பிலே சிறு பலவீனம் என்று கூறி, விற்றமின் குளிசையும் நோவுக்கு ஒரு குளிசையும் எழுதினார். "இப்ப நோ எப்பிடி?" என்று இறுதியாகக் கேட்டாராம். "இப்ப பரவாயில்லை" என்றாராம் அம்மா. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அவ்வைத்தியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அம்மா சொன்ன சொல்லுக்கு அவர் மருந்து எழுதினார். தவறு நிகழ்ந்தது சொல்லிலே என்பதை நான் உணர இரண்டு மாதம் பிடித்தது.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். எங்கள் பேச்சுவழக்கில் 'விறைப்பு' என்னும் சொல் இரு பொருளுடையது. பனியிலே கை விறைத்துப் போயிற்று என்றால் தொட்டாலும் தெரியாத மரத்துப்போன நிலை. கட்டை போல் விறைத்துக் கிடக்கிறது என்றால் மடங்காத, வளையாத இறுக்கம். அகராதியும் இவ்விரு பொருளையும் தரும். முன்னையது நரம்பின் குறைபாடாக இருக்கலாம். பின்னையது மூட்டின் குறைபாடு. அம்மா கூறியது பின்னையது. வைத்தியர் கேட்டது முன்னையது. நோவைக் குறிக்க எங்களிடத்திலே சொற்பஞ்சம் இல்லை. உளைவு, கடுப்பு, குடைச்சல், குத்து, எரிவு, பிடிப்பு என ஒவ்வொன்றும் வெவ்வேறான நோவு. வீக்கம் வேறு, அதைப்பு வேறு என்பதையும் எங்கள் கிழவிகள் அறிவார்கள். இத்துணைச் செல்வத்தை வைத்திருந்தும், வைத்தியரின் மேசைக்கு முன்னே அமர்ந்தவுடன் எல்லோரும் இரண்டொரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். அவற்றையும் இரவல் வாங்கியவர்கள் போலக் கூச்சத்துடனேயே சொல்கிறோம்.

இவ்விடத்தில் மானிப்பாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளிற் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள அந்த ஊரிலேதான், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவற்றை மொழிபெயர்த்து அச்சிட்டு, அதற்கான கலைச்சொற்களையும் ஆக்கினார். 1873இல் அவர் நாடு திரும்பினார். அம்முயற்சியும் நெடுநாள் நிலைக்கவில்லை. அவருடைய சமய நோக்கங்களை இங்கு ஆராய வேண்டியதில்லை. ஆனால், வைத்தியரும் நோயாளியும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒருவர் எங்கள் அயலில் இருந்து உணர்ந்திருந்தார் என்பது சிந்திக்கற்பாலது. நூல்களிற் கலைச்சொல் இருந்தும் இல்லாதது போன்றதே, முப்பத்தெட்டாம் இலக்கத்துக்காரி தன் காலைப்பொழுதைச் சொல்ல அது உதவாதவிடத்து.

சித்திரை விடுமுறைக்கு வந்தேன். வெயில் தகித்தது. பனி போய் இரு மாதமாகியும் அம்மாவின் கை போனபடியே இருந்தது. இம்முறை விடிய நாலரைக்கே எழுந்துவிட்டேன். அடுப்படி விளக்கு எரியவில்லை. அம்மா கட்டிலின் விளிம்பிலே கைகள் இரண்டையும் மடியிற் போட்டுக்கொண்டு இருட்டில் இருந்தார். யாரோ ஒருவருடைய கைகளைத் தம்மடியில் வைத்திருப்பவர் போல இருந்தார். "என்னம்மா செய்யிறியள்?" என்றேன். "கை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். தினமும் அப்படித்தானாம். நாலு மணிக்கு விழிப்பு; ஐந்தரை, சில நாளில் ஆறு மணிக்குத்தான் 'கை வரும்'. எல்லோரும் எழும்பும்போது அவர் வேலையைத் தொடங்கியிருப்பார். அந்த ஒன்றரை மணி நேரத்தை வீட்டிலே எவரும் கண்டதில்லை.

அன்றே மருத்துவபீடத்தில் இறுதியாண்டு பயிலும் என் விடுதித் தோழியோடு தொலைபேசியிற் பேசினேன். அவள் எந்த நோயின் பெயரையும் சொல்லவில்லை, கேள்விகளே கேட்டாள். எந்த மூட்டு என்றாள். விரல் நுனிக்கு அடுத்த மூட்டா, நடு மூட்டா, விரல் புறங்கையோடு சேரும் மூட்டா? ஒரு கையா, இரு கைகளுமா? காலையில் எழுந்தது முதல் எவ்வளவு நேரம்? வேலை செய்தபின் கூடுகிறதா, ஓய்ந்திருந்தபின் கூடுகிறதா? வீக்கத்தை அமுக்கினால் எலும்பு போலக் கடினமா, குழைத்த மாப்போல மெத்தென்றா? காய்ச்சல், களைப்பு, மெலிவு உண்டா? காற்பாதத்தின் முன்பகுதி நிலத்தில் ஊன்ற நோகிறதா?

அக்கேள்விகளை வைத்துக்கொண்டு பார்த்தபோது, ஒரே கூரையின் கீழே இருவேறு நோய்கள் குடியிருப்பது புலனாகியது. அம்மம்மாவின் முழங்கால் காலையில் எழுந்து சில நிமிடம் பிடித்திருந்து பின் இளகும்; நடக்க நடக்க, பொழுது சாயச் சாய, நோ கூடும். அது தேய்வு. அம்மாவின் கையோ இரவெல்லாம் ஓய்ந்திருந்து காலையிலேயே மிக மோசமாக இருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும். இரு கைகளிலும் புறங்கையோடு சேரும் மூட்டுகளும் நடு மூட்டுகளும் மணிக்கட்டும் அதைத்திருந்தன. நுனி மூட்டுகள் ஒன்றுமில்லாதிருந்தன. அம்மம்மாவின் கைவிரல்களிலோ நுனி மூட்டுகளிற்றான் கடினமான முடிச்சுகள். இருவரையும் பக்கத்திலே இருத்தி, நான்கு கைகளையும் மேசைமேல் விரிக்கச் செய்து பார்த்தேன். 'பரம்பரை வாதம்' என்ற ஒரே பெயரால் இவ்விரண்டையும் மூடி வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கொண்டு தாக்குவதால் உண்டாவது முடக்குவாதம். நூற்றுக்கு அரை முதல் ஒருவர் வரை உலகெங்கும் இதற்கு ஆளாகின்றனர் என்பர். ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெண்கள். முப்பது முதல் அறுபது வயதுக்கிடையிற் பெரும்பாலும் தொடங்குகிறது. எனவே இது முதுமையின் நோயன்று. இரவிலே மூட்டு அசையாதிருக்க, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் விடியற்புறத்தில் உச்சமடைவதே அந்தக் காலைநேர இறுக்கத்துக்குக் காரணம். 1987ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் வகுத்த அளவுகோலில், குறைந்தது ஒரு மணி நேரம் நீடிக்கும் காலை விறைப்பு ஓர் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. 2010இற் திருத்தப்பட்ட அளவுகோலிலிருந்து அது நீக்கப்பட்டுள்ளது. ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தல், எத்தனை மூட்டு, இரத்தப் பரிசோதனை ஆகியவையே எண்ணப்படுகின்றன. எனினும் வைத்தியர் முதலிற் கேட்பது இன்றும் காலையைப் பற்றித்தான்.

இந்நோயை வாதக் குடும்பத்தின் மற்றவற்றிலிருந்து பிரித்து முதன்முதலில் விவரித்தவராகப் பிரெஞ்சு வைத்தியர் ஒகஸ்தன் லாந்தரே-போவே குறிக்கப்படுகிறார். பரிஸ் நகரின் சல்பெத்ரியே வைத்தியசாலையிற் பயின்ற அவர், 1800இல் எழுதிய ஆய்விலே ஒன்பது பெண்களின் நோயை விளக்கினார். அக்காலத்தில் மூட்டு வீக்கமென்றாற் செல்வரின் நோய் என்று கருதப்பட்ட 'கவுட்' என்பதே வைத்தியரின் நினைவுக்கு வரும். அவர் கண்டவர்களோ ஏழைப் பெண்கள். அவர்களை எவரும் உற்றுநோக்காதிருந்த காரணத்தாலேயே அந்நோயும் பெயரின்றி இருந்தது எனலாம். அதன் இன்றைய ஆங்கிலப் பெயர் 1859இற் கறொட் என்பவரால் இடப்பட்டது. எங்கள் சித்த வைத்தியரோ வாத நோய்களை எண்பதாக வகுத்தவர்கள். அவற்றுள் 'உதிரவாத சுரோணிதம்' என்பதை இந்நோயோடு ஒப்பிடுவர். எண்பது பெயர் வகுத்த மரபிலே வந்த நாங்கள், இன்று எல்லாவற்றையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லிற் கட்டி மூலையிற் போட்டிருக்கிறோம்.

தோழி எனக்குச் சொன்னவற்றுள் ஒன்றை மறக்க முடியாது. "டொக்டரிட்டைப் போய் வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாதை. நடந்ததைச் சொல்லு." நோயின் பெயரோடு செல்பவரிடம் வைத்தியர் பெயரைப் பற்றியே பேசுவார்; பெயர் பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும். நடந்ததோடு செல்பவரிடமிருந்து அவரே பெயரைக் கண்டுகொள்வார்.

எனவே பத்து நாட்கள் கணக்கெழுதினோம். சமையலறை நாட்காட்டியிற் கிழித்த தாள்களின் பின்புறமே எங்கள் ஏடு. அம்மா எழும்பிய நேரம், கைமுட்டியை முழுதாக மூட முடிந்த நேரம், அன்று செய்ய முடியாது போன வேலை. ஒரு வெள்ளைத் தாளில் அம்மாவின் இரு கைகளையும் வைத்துச் சுற்றிக் கோடிழுத்து, அதைத்த மூட்டுகளுக்குப் புள்ளி குத்தினேன். பதினொரு புள்ளிகள். விடியற்காலை ஐந்து மணிக்கு அக்கைகளைக் கைத்தொலைபேசியிற் படமும் பிடித்தேன். அம்மாவுக்கு இதிலே விருப்பமில்லை. "கலியாண வீட்டுப் படமே இது?" என்று முணுமுணுத்தார். ஆனால் அதுவே பின்னர் பெரிதும் உதவியது. ஏனெனில், இந்நோய் விடியலிலே பேசுவது; வைத்தியர்களோ முற்பகலிலும் இரவிலும் இருப்பவர்கள். அவர்கள் காண்பது நாளின் மிக நல்ல கைகளை. 'இப்ப பரவாயில்லை' என்று அம்மா மாசி மாதத்திலே சொன்னது பொய்யன்று. இரவு எட்டு மணிக்கு உண்மையிலேயே பரவாயில்லைதான்.

இரண்டாவதாக நாங்கள் சென்ற வைத்தியர் ஒரு பெண். வாசலிலே அம்மா என் காதோடு, "நீ கனக்கக் கதையாதை பிள்ளை" என்றார். படித்த பிள்ளை வைத்தியருக்குப் படிப்பிக்கிறாள் என்று எண்ணிவிடுவாரோ என்ற அச்சம். அதுவும் நியாயமே. தாள்களை மேசையில் வைத்துவிட்டு, "காலமை நாலு மணியிலையிருந்து அஞ்சரை மட்டும் கை மடங்காது டொக்டர். மூண்டு மாதத்துக்கு மேலை" என்று மட்டும் சொன்னேன். அவர் புள்ளியிட்ட கைப்படத்தைப் பார்த்தார். பின் அம்மாவின் கையை வாங்கி, கைகுலுக்குவது போல விரல்மூட்டு வரிசையை இருபுறமிருந்தும் மெல்ல அழுத்தினார். அம்மா கையை இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. இரு கைகளையும் கூப்பி வணங்கும் சமுதாயம் எங்களுடையது. வெள்ளைக்காரரைப் போலக் கைகுலுக்குபவர்களாக இருந்திருந்தால், தைப்பொங்கலுக்கு வந்த விருந்தாளி எவரேனும் இந்நோயைக் கண்டுபிடித்திருப்பார் என்று பின்னர் எண்ணிச் சிரித்தேன்.

அதன்பின் அவர் சில கேள்விகள் கேட்டார். அவற்றுள் ஒன்றுக்கு முன்னர், "தங்கச்சி, கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ" என்றார். மாதவிலக்கைப் பற்றியும், இனிப் பிள்ளை பிறக்க வாய்ப்புண்டா என்பதைப் பற்றியும் கேட்டாராம். நாற்பத்தேழு வயதில் இதென்ன கேள்வி என்று அம்மாவுக்கு வெட்கமும் கோபமும். ஆனால் இந்நோய்க்கான முதன்மை மருந்து கருவைச் சிதைக்கவல்லது. ஆதலின் அக்கேள்வி கேட்கப்படாமல் விடுவதே தவறு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அம்மாவைக் கிழங்கு உண்ணவும் அனுமதித்தார்.

இரத்தப் பரிசோதனைகள் நடந்தன. அழற்சியைக் காட்டும் இரு அளவுகளும் உயர்ந்திருந்தன. 'றூமற்றோயிட் பக்ரர்' எனப்படும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருந்தது. இது இருந்தால் நோய் உண்டு, இல்லையேல் இல்லை என்று எங்களிற் பலர் நினைக்கிறார்கள். அயலிலே ஒருவர் அதனை 'வாத ரெஸ்ற்' என்றே அழைக்கிறார். உண்மை அதுவன்று. நோயற்றவர் சிலரிடத்தும் அது காணப்படும். நோயுள்ளோர் பலரிடத்து இராது. 'அன்ரி-சீ.சீ.பி.' என்ற மற்றொரு பரிசோதனை அதைவிட நம்பத்தக்கது. அதுவும் இல்லையென்று வந்தால் நோயில்லை என்று அறுதியிட முடியாது. தாளை விடக் கைகளே பெரிய சான்று என்றார் அங்கிருந்த வைத்தியர். வைகாசி மாத இறுதியிலே நோய்க்குப் பெயர் கிடைத்தது. பெயர் கேட்டு அம்மா அழவில்லை. "அப்ப நான் சும்மா சொல்லேல்லை" என்றார். அவர் யாரிடம் அதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மருந்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். நோவுக் குளிசை நோவை அடக்குமேயன்றி மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. அவ்வரிப்பு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது, போனது மீளாது. மாசிக்கும் வைகாசிக்கும் இடைப்பட்ட மாதங்களை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது இதனாலேயே. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், படுக்கையிற் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கோட்டிசோன் ஊசி ஏற்ற, சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். இரண்டாண்டில் நோபல் பரிசும் வந்தது. அம்மருந்தை நெடுங்காலம் பெருமளவிற் கொடுத்தால் எலும்பும் சீனியும் இரத்த அழுத்தமும் கெடும் என்பது பின்னரே தெளிவாயிற்று. இன்று அடித்தளமாக விளங்குவது மெத்தோட்ரெக்சேற் என்ற குளிசை. அது பிறந்த லெடர்லே ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். புற்றுநோய்க்காக ஆக்கப்பட்ட அம்மருந்து, அவர் 1948இல் மறைந்து நாற்பதாண்டு கழித்து, 1988இல்தான் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது. சென்னையிற் படித்த ஒருவரின் கைவண்ணம் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அவரும் பாவம், காணாமல் போட்டார்" என்றார்.

அக்குளிசை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து; உலகின் பல பாகங்களிலும் அவ்வாறு தவறி இறந்தவர்கள் உண்டு. மருந்துப் பையிலே எழுதப்பட்டிருந்ததை அம்மம்மா கண்டு, "கிழமைக்கு ஒருக்காலோ? அப்ப கெதியாச் சுகம் வராது" என்று ஆலோசனை கூற வந்தார். அம்மா வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார். பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நாளாகையால் மறக்காது. மற்றொரு நாளிலே போலிக் அமிலம். ஈரலுக்காகவும் இரத்தத்துக்காகவும் குறித்த காலத்துக்கொரு முறை பரிசோதனை. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. 'காசில்லாத ஆஸ்பத்திரி மருந்து இப்படித்தான்' என்று அயலிற் பேசினார்கள். இரண்டாம் மாதத்தின் இறுதியிலே அம்மா ஐந்து மணிக்கு அடுப்படி விளக்கை ஏற்றியதாகத் தம்பி செய்தி அனுப்பினான். அம்மருந்து வேலை செய்ய ஆறு முதற் பன்னிரண்டு வாரமாகும் என்பது அயலுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால் நாங்கள் காத்திருந்தோம்.

நானும் இப்போது காலையில் எழுந்தவுடன் கைமுட்டியை மூடிப் பார்க்கிறேன். தாய்க்கு இருந்தாற் பிள்ளைக்கு வரும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. புகைத்தல் அவ்வாய்ப்பை உயர்த்தும். புகையிலையாலே கல்வீடு கட்டிய குடாநாட்டுக்காரி என்ற முறையில் இதனை எழுதச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஐயா சுருட்டை முற்றத்தின் கோடிக்குக் கொண்டு போய்விட்டார், விட்டுவிடவில்லை. அம்மாவின் இடது நடுவிரல் இன்னும் முழுதாக நிமிர்வதில்லை. இனி நிமிராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடந்த விடுமுறையில் அம்மாவோடு கிளினிக்குக்குச் சென்றேன். புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர் ஒருவர், "எப்பிடி இருக்கிறியள் அம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்தார்.

"காலமையிலை இருவது நிமிசம். விறைப்பு எண்டால் உணர்ச்சி இல்லாத விறைப்பு இல்லைத் தம்பி, மடங்காத விறைப்பு" என்றார்.